கலண்டரில் நான் வெட்டிய வரி

நான் பொய் எழுதியதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த எழுத்து வேலைக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. தெரிந்து ஒரு பொய்யை ஒரு கையேட்டிலும் எழுதியதில்லை, ஒரு விளம்பரத்திலும் எழுதியதில்லை. அப்படியிருந்தும் என் அண்ணன் மகள் நெருப்புக்காய்ச்சல் என்கிற டைபொயிட் கண்டு பெரியாஸ்பத்திரியில் பதினேழு நாள் கிடந்தாள். அதற்குக் காரணம் நான் எழுதிய ஒரு வரி. சரியாகச் சொன்னால், எழுதிவிட்டு நானே வெட்டிய ஒரு வரி.

என் வேலை இன்னதென்று சொன்னால்தான் மற்றது விளங்கும். கண்டி டவுனில் ஒரு கம்பனி. வீட்டுச் சாமான்களை வெளிநாட்டிலிருந்து இறக்கி விற்கிறவர்கள். ரைஸ் குக்கர், கேஸ் அடுப்பு, மின்சாரக் கேத்தல், தண்ணீர் பில்டர் என்று மூன்று மாடிக்கு அடுக்கி வைத்திருப்பார்கள். அந்தச் சாமான்களோடு பெட்டிக்குள் வைக்கிற தமிழ்க் கையேட்டை எழுதுவது என் வேலை. அதே சாமான்களுக்குத் தமிழில் விளம்பரம் எழுதுவதும் என் வேலை. ஒரே மேசை, ஒரே கதிரை, ஒரே கணினி.

இந்த வேலைக்கு நான் வந்ததே ஒரு அதிர்ச்சியில்தான். படிப்பை முடித்துவிட்டு டியூஷன் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், அண்ணிக்கு ஒரு பிரஷர் குக்கர் வாங்க இரண்டு பேரும் டவுனுக்கு வந்தோம். கடைக்காரர் பில் போடும்வரை சும்மா நிற்காமல் உள்ளே இருந்த தமிழ்க் கையேட்டைப் புரட்டினேன். முதல் பக்கத்தில் ‘குழந்தைகளை எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்று இருந்தது. சிரித்தேன். இரண்டாம் பக்கத்தில் ‘நீராவி முழுவதும் வெளியேறும் முன் மூடியைத் திறக்கவும்’ என்று இருந்தது. சிரிப்பு நின்றுபோய்விட்டது. அப்படித் திறந்தால் முகம் வெந்துபோகுமே! ஆங்கிலத்தை எந்த மெசினிலோ கொடுத்து, வந்ததை அப்படியே அச்சடித்து, நாடு முழுக்க விற்றிருக்கிறார்கள். “இதை எழுதினவனைக் கட்டிவைத்து உதைக்கணும்” என்று கடையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

வீட்டுக்குப் போய் அந்தக் கையேடு முழுவதையும் சிவப்புப் பேனையால் திருத்தி, அடுத்த வாரம் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் அதை இறக்குமதி செய்த கம்பனிக்கு அனுப்பியிருக்கிறார். பத்து நாளில் அங்கிருந்து அழைப்பு வந்தது. எனக்கு வேலை கிடைத்தது அப்படித்தான்.

முதல் மூன்று வருடம் கையேடு மட்டும். எங்கள் பொறியியலாளர் அக்குறணைக்காரர், முஸ்லிம், பொறுமையான மனிதர். ஒவ்வொரு சாமானையும் கழற்றிக் காட்டுவார். நான் எழுதுவேன், அவர் வரிவரியாகப் படித்துக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார். அவர் கையெழுத்தில்லாமல் ஒரு கையேடும் அச்சுக்குப் போகாது. பிறகு விற்பனைப் பகுதிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மனேஜர் வந்தார். கொழும்பில் யாரோ எழுதி அனுப்புகிற தமிழ் விளம்பரங்களைப் பார்த்து அவருக்கு எரிச்சல். “பிள்ளை, மெனுவல் எழுதுற உமக்கு விளம்பரம் எழுதத் தெரியாமலே போகும்? ஒருக்கா எழுதிப் பாரும்” என்றார். எழுதினேன். நன்றாக வந்தது. நன்றாக வந்ததில் எனக்கு ஒரு மிதப்பும் வந்தது.

இரண்டும் வேறு வேறு எழுத்து. கையேடு, வாங்கிவிட்டவரோடு பேசுகிறது. விளம்பரம், இன்னும் வாங்காதவரோடு பேசுகிறது. காலையில் ‘செய்யாதீர்கள், தொடாதீர்கள், திறக்காதீர்கள்’ என்று எழுதிவிட்டு, மத்தியானம் சோறு தின்ற கையோடு ‘வாருங்கள், தொட்டுப் பாருங்கள், திறந்து பாருங்கள்’ என்று எழுதுவேன். ஒருமுறை பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு வேலைவாய்ப்புப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். சேலை உடுத்திக்கொண்டு போய், “கையேடு எழுதுகிறவருக்குப் பொருளைத் தெரியும், விளம்பரம் எழுதுகிறவருக்கு மனிதர்களைத் தெரியும், இரண்டையும் தெரிந்தவருக்கு வேலை போகவே போகாது” என்று அளந்துவிட்டு வந்தேன். கை தட்டினார்கள். அந்தப் பேச்சை இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறையலாம் போலிருக்கிறது.

போன வருடம் கார்த்திகையில் ஒரு புதிய தண்ணீர் பில்டர் வந்து இறங்கியது. மேலே ஒரு வாளி, கீழே ஒரு வாளி, நடுவில் மெழுகுதிரி மாதிரி இரண்டு வெள்ளைக் குழல், அடியில் ஒரு சின்னக் குழாய். மின்சாரம் வேண்டாம். பொறியியலாளர் அதைக் கழற்றி என் மேசையில் பரப்பினார்.

“மிஸ், ஒண்டு தெளிவா எழுதிக்கோங்க. இது கிருமியக் கொல்ற இல்ல. மண்ணையும் துருவையும் மணத்தையும்தான் எடுக்கும். டவுன் பைப் தண்ணிக்கு மருந்து போட்டீக்கி, அதுக்கு இது போதும். பீலித் தண்ணி, ஊத்துத் தண்ணியெண்டா கட்டாயம் கொதிக்க வெச்சித்தான் ஊத்தோணும். இதப் பெருசாப் போடுங்க.”

பெரிதாகத்தான் போட்டேன். மூன்றாம் பக்கத்தில் கறுப்புப் பெட்டி கட்டி, தடித்த எழுத்தில் போட்டேன். அவர் படித்துத் தலையாட்டிக் கையெழுத்து வைத்தார்.

அடுத்த வாரம் அதே பில்டருக்கு விளம்பரம். மனேஜர் துண்டுப்பிரசுரம் அடிக்கலாம் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். “சேர், தேயிலைத் தோட்டத்துப் பக்கம் துண்டுப்பிரசுரம் கொடுத்தால் அன்றைக்கே வடை சுற்றப் போய்விடும். கலண்டர் அடிப்போம். நான் பிறந்து வளர்ந்த லயத்து வரிசை வீடுகளில் கலண்டர் தொங்காத காம்பரா கிடையாது. வருடம் முடிந்தாலும் கழற்ற மாட்டார்கள், பழையதின் மேலேயே புதியதை மாட்டுவார்கள். பில்டரோடு ஒரு கலண்டர் கொடுத்தால் வருடம் முழுக்க நம்முடைய வரிதான் சுவரில் இருக்கும்.”

“உது நல்ல யோசனை பிள்ளை” என்றார். “உம்மட ஆக்களை உமக்குத்தானே தெரியும்.”

படத்தையும் நான்தான் தெரிவு செய்தேன். மலைச்சரிவில் ஊற்றிலிருந்து வருகிற ஒரு பீலி, வெள்ளையாக விழுகிற தண்ணீர், பக்கத்தில் இரண்டு குடம். படத்தின் கீழே ஐந்து வரி எழுதினேன்.

புகையில் கண் எரிய வேண்டாம்.
விறகு மிச்சம், நேரம் மிச்சம்.
கொதிக்க வைக்கிற வேலை இனி இல்லை.
ஊற்றுங்கள், குடியுங்கள்.
நகரக் குழாய்த் தண்ணீருக்கு மட்டும். பீலித் தண்ணீரைக் கொதிக்க வைத்தே ஊற்றவும்.

மனேஜர் திரையைப் பார்த்து நாடியைத் தடவினார். “ஓம், நாலு வரியும் நல்லா இருக்கு. அஞ்சாவதுதான் இடிக்குது. திகதிப் பெட்டிக்கு இடம் காணாது. உது மெனுவலில கிடக்குத்தானே?”

“மூன்றாம் பக்கத்தில் பெட்டி கட்டிப் போட்டிருக்கு சேர்.”

“அப்ப இதில எடுத்துவிடும்.”

எடுத்துவிட்டேன். என் விரலால்தான். அரை நொடிகூட ஆகவில்லை. வரி போனதும் மற்ற நான்கும் கொஞ்சம் கீழே இறங்கி அழகாக உட்கார்ந்தன. பார்க்க எனக்கும் பிடித்திருந்தது.

விளம்பரத்துக்குப் பொறியியலாளர் கையெழுத்துத் தேவையில்லை. எங்கள் கம்பனியில் வழக்கம் அப்படி. கையேட்டை மனேஜர் பார்க்க மாட்டார், கலண்டரைப் பொறியியலாளர் பார்க்க மாட்டார். இரண்டையும் பார்த்தது அந்தக் கட்டடத்திலேயே நான் ஒருத்திதான்.

தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு பில்டரையும் கலண்டரையும் கலஹா பஸ்ஸில் கொண்டக்டரிடம் சொல்லி அண்ணனுக்கு அனுப்பி வைத்தேன். அண்ணன் அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை செய்கிறார். அப்பா அம்மா போனபிறகு எனக்கு வீடென்றால் அண்ணனும் அண்ணியும் எட்டு வயது மகளும் இருக்கிற அந்த லயக் காம்பராதான். பொங்கலன்றைக்கு அண்ணன் போன் எடுத்தார்.

“தங்கச்சி, கலண்டர் ரொம்ப நல்லாருக்கு. பாப்பா சத்தம் போட்டு படிச்சிக் காட்டுச்சு. அந்த நாலு வரி நீ எழுதுனதா?”

“ஆமாண்ணே.”

“எனக்குத் தெரியும்” என்றார். குரலில் சிரிப்பு வழிந்தது.

அதோடு அவர் விட்டிருந்தால் சரி. லயத்தில் பன்னிரண்டு காம்பரா. வருகிறவர் போகிறவரையெல்லாம் உள்ளே கூப்பிட்டுக் கலண்டரைக் காட்டி, “ஏந்தங்கச்சி எழுதுனது. அது பொய் எழுதாது” என்று சொல்லியிருக்கிறார். பங்குனிக்குள் பத்து வீட்டுக்காரர் பில்டர் கேட்டார்கள். கம்பனி வேனே போய் இறக்கியது. மனேஜர் என் மேசைக்கு வந்து, “உம்மட கலண்டர் வேலை செய்யுது பிள்ளை” என்றார். அன்றைக்கு எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன்.

சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மழை பிடித்தது. ஒரு மத்தியானம் ரைஸ் குக்கர் கையேடு எழுதிக்கொண்டிருந்தபோது அண்ணியின் அழைப்பு. “பாப்பாவுக்கு ஆறு நாளா காய்ச்சல் விடல. கண்ணத் தொறக்க மாட்டேங்குது. டிஸ்பென்சரியில இருந்து பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. நீ வாம்மா.” பையைக்கூட எடுக்காமல் ஓடினேன்.

பிள்ளை வாட்டின் மூலைக் கட்டிலில் கிடந்தாள். போகிற வழியில் கண்ணில் படுகிற போர்டையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை. உதடு வெடித்து, கன்னம் வற்றி, என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கிடந்தாள். தமிழ் பேசுகிற ஒரு இளம் பெண் டொக்டர் நோயாளித் துண்டுச் சீட்டோடு வந்தார். நெருப்புக்காய்ச்சல் என்றுதான் தெரிகிறது, இரத்தம் அனுப்பியிருக்கிறோம், இரண்டு நாள் போனால்தான் எதையும் சொல்லலாம் என்றார். பிறகு அண்ணியிடம் கேட்டார்.

“வீட்டில என்ன தண்ணி குடிக்கிறீங்க?”

“பில்டர் தண்ணி மட்டுந்தாங்க டொக்டர். வேற தண்ணிய புள்ள வாயில வைக்க விடுறதே இல்ல.”

“பில்டருக்கு எங்கயிருந்து ஊத்துறீங்க?”

“பீலியிலருந்துதான்.”

“கொதிக்க வச்சா?”

அண்ணி வியப்போடு பார்த்தாள். “முந்தியெல்லாம் கொதிக்க வச்சித்தாங்க குடுப்பேன். இப்ப வேணாமே. கலண்டர்லயே போட்டிருக்கு.” அந்த நிலையிலும் அவள் முகத்தில் ஒரு பெருமை வந்தது. என் தோளைத் தொட்டுக் காட்டினாள். “இவங்கதான் எழுதுனாங்க. எங்க நாத்தனா.”

டொக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கேட்டது எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு என்ன தெரியுமா? “மெனுவலில் மூன்றாம் பக்கத்தில் இருக்கு டொக்டர்.” பிள்ளை கட்டிலில் கிடக்கிறாள், நான் பக்க எண் சொல்கிறேன்.

“அம்மா அதைப் படிச்சாங்களா?” என்று கேட்டார் டொக்டர். குத்திக்காட்டவில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அண்ணிக்கு எதைக் கேட்கிறார் என்றே விளங்கவில்லை.

பிள்ளைக்கு உடுப்பும் போர்வையும் எடுக்க அண்ணனோடு நானும் தோட்டத்துக்குப் புறப்பட்டேன். பேராதனை தாண்டி பஸ் மலையேறும்வரை அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

காம்பராவுக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் கலண்டர். போன வருடத்து முருகன் கலண்டருக்கு மேலே மாட்டியிருந்தது. படத்தில் பீலி. வாசலுக்கு வெளியே, நாற்பது அடி தள்ளி, அதே மாதிரி ஒரு பீலி நிஜமாகவே விழுந்துகொண்டிருந்தது. மழைக்குத் தண்ணீர் பழுப்பாக வந்தது. ‘கொதிக்க வைக்கிற வேலை இனி இல்லை. ஊற்றுங்கள், குடியுங்கள்.’ நான் அந்த வரியை முதல்தடவை படிக்கிற மாதிரி படித்தேன். புகையில் கண் எரிகிறவர்கள் யார்? விறகு பொறுக்குகிறவர்கள் யார்? டவுன் பைப் இருக்கிற வீட்டில் எவர் விறகடுப்பு மூட்டுகிறார்? முதல் வரியிலிருந்தே நான் இந்தக் காம்பராவோடுதான் பேசியிருக்கிறேன். இவர்களிடம் இல்லாத தண்ணீருக்கான பில்டரை இவர்களைக் கூப்பிட்டு விற்றிருக்கிறேன்.

“அண்ணே, பில்டரோட ஒரு சின்னப் புத்தகம் வந்திச்சே, எங்க?”

அண்ணன் அலுமாரியைத் திறந்தார். அண்ணியின் கல்யாணச் சேலைக்கு அடியிலிருந்து ஒரு ஷொப்பிங் பையை எடுத்தார். அதற்குள் பிறப்புச் சான்றிதழ்கள், அப்பாவின் மரணச் சான்றிதழ், பிள்ளையின் தடுப்பூசி அட்டை. அவற்றோடு என் கையேடு. கண்ணாடிக் கடதாசி உறையில் போட்டு ஒட்டி அனுப்பியது, ஒட்டினபடியே இருந்தது. ஒரு மூலைகூடக் கிழியவில்லை.

“நீ எழுதுன பொஸ்தகம்னு ஒங்க அண்ணி பத்திரமா வச்சிருக்கு. கசங்கிறக் கூடாதுன்னு பாப்பாவக்கூட தொடவிடல” என்றார் அண்ணன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு இது தெரியாததா? நான் பிறந்து வளர்ந்த காம்பரா இது. எங்கள் வீட்டு ரேடியோவோடு வந்த புத்தகம் இருபது வருடம் றங்குப் பெட்டிக்குள் இருந்தது. ஒருவரும் பிரித்துப் பார்த்ததில்லை. காசு கொடுத்து வாங்கிய சாமானோடு வந்த கடதாசி எதுவாக இருந்தாலும் அது எங்கள் ஆட்களுக்குப் பத்திரம். பத்திரத்தைப் படிக்க மாட்டார்கள், பாதுகாப்பார்கள். சுவரில் தொங்குவதைத்தான் படிப்பார்கள். அந்தப் பாதி தெரிந்ததால்தானே கலண்டர் அடிக்கச் சொன்னேன்? மற்றப் பாதி எனக்கு வசதியாக மறந்துபோயிருக்கிறது.

எழுந்து லயத்தில் ஒவ்வொரு வீடாகப் போனேன். பில்டர் வாங்கிய பத்து வீட்டிலும் புத்தகத்தைக் கேட்டேன். பத்து வீட்டிலும் அலுமாரியிலிருந்தோ பெட்டியிலிருந்தோ உடனே எடுத்துத் தந்தார்கள். பத்தும் ஒட்டினபடி. ஒரு வீட்டில் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்; நல்ல நாளில் வீட்டுக்கு வந்த பொருள் என்று உறைமேல் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தது. அந்தப் பொட்டு, உள்ளே என் கறுப்புப் பெட்டி இருக்கிற இடத்துக்குச் சரியாக நேர்மேலே காய்ந்திருந்தது.

இன்னும் இரண்டு வீட்டில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். மழைக் காய்ச்சல் என்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் எல்லோரும் நன்றாக இருந்தார்கள். ஏனென்று யோசித்தபோதுதான் எனக்கு இன்னொரு இடி விழுந்தது. பெரியவர்கள் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. விடிந்ததிலிருந்து தேத்தண்ணிதான் குடிக்கிறார்கள். தேத்தண்ணி கொதித்துத்தானே ஆகிறது? பில்டரிலிருந்து பச்சையாகப் பிடித்துக் குடித்தது பிள்ளைகள் மட்டும்தான். குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது என்று ஆசைப்பட்டுக் குடித்திருக்கிறார்கள்.

“இப்பவே ரெண்டு பிள்ளைகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க” என்றேன். அண்ணன் மகளின் பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு மார்க்கர் பேனை எடுத்து, வீடு வீடாகப் போய்க் கலண்டரில் மூன்றாம் வரியை அடித்தேன். படத்துப் பீலியின் குறுக்கே ‘பீலித் தண்ணியைக் கொதிக்க வைத்துத்தான் ஊற்ற வேண்டும்’ என்று எழுதினேன். அவசரத்தில் எழுத்து கோணல்மாணலாகப் போனது. நான்காவது வீட்டு அக்கா நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப மொதல்ல எழுதுனது யாரும்மா?”

“நான்தான் அக்கா.”

“இது?”

“இதுவும் நான்தான்.”

அவர் ஒன்றும் திட்டவில்லை. “சரிம்மா, ஒக்காரு. மூஞ்சியெல்லாம் வாடிக் கெடக்கு” என்று தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தத் தேத்தண்ணியை விழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் அலுவலகத்தில் அந்தக் கலண்டரையும் ஒட்டின கையேடுகள் பதினொன்றையும் மனேஜரின் மேசையில் போட்டேன். பொறியியலாளரையும் கூப்பிட்டேன். யாரையாவது பிடித்துக் கடிக்க வேண்டும் என்ற வெறியில் போனேன் என்பது உண்மை. விஷயத்தைச் சொல்லி முடித்ததும் மனேஜர் வெளிறிப்போனார். அவருக்கும் அதே வயதில் பிள்ளை இருக்கிறாள்.

“பிள்ளை, சத்தியமா எனக்குத் தெரியாது. நாங்கள் கிணத்துத் தண்ணி குடிச்சு வளந்த ஆக்கள். பீலிப் படத்தை நான் வடிவுக்கெண்டுதான் நினைச்சன். அங்க சனம் அதைத்தான் குடிக்குதெண்டு நீர் ஒரு சொல்லுச் சொல்லேல்லையே.”

சொல்லவில்லைதான். பொறியியலாளர் கலண்டரை இரண்டு கையாலும் பிடித்துப் படித்தார். அன்றைக்குத்தான் அதை முதல்முறை பார்க்கிறார். “யா அல்லாஹ்” என்றார். “மிஸ், நான் செல்லி, நீங்க எழுதி, நான் சைன் வெச்ச அதே விஷயம். இதுல தலைகீழா ஈக்கிதே.”

நான் கடிக்கப் போன இரண்டு பேரிடமும் குற்றமில்லை. அவரவர் பாதியை அவரவர் சரியாகத்தான் செய்திருந்தார்கள். இரண்டு பாதியும் ஒன்றாக இருந்த ஒரே இடம் என் தலை. பல்கலைக்கழகத்தில் நான் சேலை உடுத்திக்கொண்டு சொன்னதும் அதைத்தானே? பிரஷர் குக்கர் புத்தகத்தை எழுதினவனைக் கட்டிவைத்து உதைக்கச் சொன்னேன். அவனாவது மெசின். தமிழ் தெரியாது, கலஹா தெரியாது. எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அன்றைக்கே பில்டர் விற்பனையை நிறுத்தினார்கள். மனேஜர் மேலிடத்தோடு போனில் சண்டை போட்டார். அதை நான் மறக்க மாட்டேன். கிழியாத, தண்ணீர் பட்டாலும் அழியாத ஸ்டிக்கர் அடிப்பதென்று முடிவானது. பில்டரின் மேல் மூடியில், தண்ணீர் ஊற்றத் திறக்கிற இடத்திலேயே ஒட்ட வேண்டும். எழுதுகிற வேலை எனக்கு. ‘பீலித் தண்ணீரா? கொதிக்க வைத்து ஆறவிட்டு ஊற்றவும். இது கிருமியைக் கொல்லாது.’ மூன்று வாக்கியம். கீழே பொறியியலாளரின் கையெழுத்தும் மனேஜரின் கையெழுத்தும் வாங்கினேன். அன்றிலிருந்து நான் எழுதுகிற விளம்பரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேருடைய கையெழுத்தையும் வாங்குகிறேன். எரிச்சல்படுகிறார்கள், படட்டும்.

பிள்ளை பத்தாம் நாள்தான் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாள். அதுவரை நான் சாப்பிட்டது எனக்கு ஞாபகமில்லை. பதினேழாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்ற இரண்டு பிள்ளைகளும் நேரத்தோடு வந்ததால் சீக்கிரமே தேறிவிட்டார்கள். அண்ணி என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. “ஒனக்கு என்ன தெரியும், நீயா தண்ணியில கிருமியப் போட்ட” என்றாள். எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொன்னேன். வெட்டிய வரியைப் பற்றியும் சொன்னேன். அவள் பிள்ளையின் தலையை வாரிக்கொண்டே கேட்டாள். பிறகு எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

அடுத்த ஞாயிறு ஸ்டிக்கர்களோடு தோட்டத்துக்குப் போனேன். பிள்ளை வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, ஒரு ஸ்டிக்கரை வாங்கி எழுத்துக்கூட்டாமலே படித்தாள். படித்துவிட்டு உள்ளே பார்த்து, “அம்மா, இது சரியா?” என்று கேட்டாள். முன்னெல்லாம் என்னிடம்தான் கேட்பாள்.

நான் மூடியைத் துடைத்து ஒட்டப் போனேன். அண்ணன் என் கையைப் பிடித்தார்.

“இரு தங்கச்சி. டிஸ்பென்சர் ஐயாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு ஒட்டுவோம்.”

அவர் குரலில் கோபமே இல்லை. லயத்து ஆட்களுக்குத் தான்தான் பொறுப்பு என்ற நினைப்புத்தான் இருந்தது. என் பேச்சைக் கேட்டுத்தானே பத்து வீட்டையும் வாங்க வைத்தார்? எனக்கு வலித்தது. ஆனால் அவர் செய்வது சரி என்றும் தெரிந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.

டிஸ்பென்சரி பக்கத்திலேயே ஐயாவின் குவார்ட்டர்ஸ். வெளியே வந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஸ்டிக்கரை வாங்கினார். இரண்டு முறை படித்தார். எங்கள் தோட்டத்தில் எந்த மருந்து மாத்திரைக்கும் கடைசிப் பேச்சு அவருடையதுதான்.

“சரியாத்தான் இருக்கு. எல்லா வீட்டுலயும் ஒட்டுங்க. இத மொதல்லயே செஞ்சிருக்கணும்.” கடதாசியைத் திருப்பிப் பார்த்தார். “நல்லா வெளங்குற மாதிரி எழுதியிருக்கு. யாரு எழுதுனது?”

அண்ணன் என்னைப் பார்த்தார். பொங்கலன்றைக்கு போனில் சிரித்த அதே அண்ணன். பிறகு ஐயாவின் பக்கம் திரும்பினார்.

“கம்பனியில எழுதுனதுங்க ஐயா” என்றார்.